‘பட்ட’வும் ‘பெட்ட’வும்

மன்ற நண்பர்களுக்கு ஒரு சிறு சொல்லைப் பற்றி எழுத விரும்புகிறேன். ‘பட்ட’ என்பது அச்சொல். ‘படு’ என்னும் வினையின் இறந்தகாலப் பெயரெச்சம் அது. பேசத் தொடங்கிய நாள் முதல் நம் வாயில் இருக்கும் சொல்லாகையால் அதற்குப் பொருள் என்னவென்று யாரும் நின்று கேட்பதில்லை. நான் வேதியியல் மாணவன். சொல்லாராய்ச்சி என் துறையன்று. ஆயினும் நெல்லைச் சீமையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்தவனுக்கு இந்தச் சொல் நாள்தோறும் எதிர்ப்படுகிறது. இங்கே அதன் உருவமும் சற்று மாறியிருக்கிறது, பொருளும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தால் ஒருவருடைய கூலிக்கும் நற்பெயருக்குமே கேடு வரக்கூடும் என்பதை நேரில் கண்ட பிறகே எழுதத் துணிந்தேன்.

முதலில் தனித்து நிற்கும் ‘பட்ட’வைப் பார்ப்போம். பட்ட மரம் என்றால் உலர்ந்து உயிரற்றுப்போன மரம். பட்ட கடன் என்றால் வாங்கித் தலைமேல் ஏற்றிக்கொண்ட கடன். பட்ட காயம், பட்ட பாடு, பட்ட அவமானம் எல்லாம் ஒருவர்மேல் வந்து விழுந்தவை. கை பட்ட கண்ணாடி, வெயில் பட்ட துணி, கண்ணில் பட்ட ஆள் என்னும்போதோ துன்பம் ஏதும் இல்லை. தொடுதல் மட்டுமே உண்டு. தொடுதலில் தொடங்கி, நேர்தல், துன்புறுதல், மடிதல் என்று பொருள் போகப் போகக் கனப்பதைக் காணலாம். ‘பட்ட காலிலே படும்’ என்னும் பழமொழியில் முதற்சொல் புண்ணான காலைக் குறிக்கிறது; அடுத்தது மறுபடியும் இடிபடுவதைக் குறிக்கிறது. ஒரே வேர் ஒரே மூச்சில் இரு பொருள் தருகிறது.

செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில், ஆநிரைச் சண்டையில் மாண்ட வீரனைப் பற்றி வட்டெழுத்தில் ‘பட்டான்’ என்று பொறித்திருக்கிறார்கள். கொல்லப்பட்டான் என்று பொறிக்கவில்லை. சாவு வந்து அவன்மேல் விழுந்தது. அதை அவன் ஏற்றான். அவ்வளவுதான் செய்தி. அனுபவம் என்னும் வடசொல்லுக்கு நாம் வழங்கும் ‘பட்டறிவு’ என்ற சொல்லிலும் இந்தக் கருத்தே உள்ளது. படித்து அறிவது வேறு, பட்டு அறிவது வேறு.

இடையில் ஓர் இலக்கணக் குறிப்பு. பட்டப் படிப்பு, பட்டப் பெயர், பட்டப் பகல் ஆகியவற்றில் உள்ள ‘பட்ட’ நம் சொல் அன்று. பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது என்பது பள்ளியிலேயே படித்த விதி. ‘பட்ட பாடு’ என்று மிகாமல் எழுதுகிறோம். ‘பட்டப் படிப்பு’ என்று மிகுத்து எழுதுகிறோம். அந்த ஓர் ஒற்றே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. பட்டப் படிப்புப் படிப்பவர் பட்ட பாடு என்று சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். அது நம் விதியே தவிர இலக்கண விதியன்று.

இனி, ஐரோப்பிய மொழிகளைப் படிப்பவர்கள் இறந்தகால எச்சம் என்றொரு வடிவத்தை மனப்பாடம் செய்கிறார்கள். அது பெரும்பாலும் செயலுக்கு ஆளான பொருளையே சுட்டும். தமிழ்ப் பெயரெச்சம் அப்படிப்பட்டதன்று. எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்தே சான்று காட்டுகிறேன். அளந்த மாணவன், அளந்த குழாய், அளந்த அறை, அளந்த நாள், அளந்த அளவை, அளந்த அமிலம். ‘அளந்த’ என்ற ஒரே சொல் அளந்தவனையும், அளக்க உதவிய கருவியையும், அளந்த இடத்தையும், காலத்தையும், அச்செயலையும், அளவுக்கு உள்ளான பொருளையும் கூசாமல் தழுவிக்கொள்கிறது. நன்னூலார் பெயரெச்சத்துக்கு இந்த ஆறையும் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார். இவற்றில் கடைசியாகிய ‘அளந்த அமிலம்’ ஒன்றுதான் ஆங்கில எச்சத்துக்கு நேரானது.

ஆகவே செயப்பாட்டுவினை என்று தனியாக ஒன்றை ஆக்கிக்கொள்ளாமலே தமிழன் நெடுங்காலம் காரியத்தை நடத்திக்கொண்டான். அண்ணன் எழுதிய கடிதம் என்றால் போதும். அண்ணனால் எழுதப்பட்ட கடிதம் என்று நீட்ட வேண்டியதில்லை. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இம்மொழிகளில் உண்மையான செயப்பாட்டுவினை இல்லை என்றே கருதினார். ‘படு’ என்பதைத் துணைக்கு அழைத்து நாம் அமைப்பது ஒருவகை ஒட்டுவேலை. ஒட்டுவேலை என்பதால் அதை இழிவாகக் கருதுகிறேன் என்று எண்ண வேண்டாம். அது எங்கே தேவைப்படுகிறது, எங்கே வீண் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் எல்லையைக் கடப்போம்.

களியக்காவிளையைத் தாண்டி வடக்கே வந்தால் ‘பட்ட’ என்பது ‘பெட்ட’ என்றாகிறது. அகரம் எகரமான இம்மாற்றம் விசித்திரமானதன்று. வேடிக்கை என்னவென்றால், நாம் ‘பாடுபட்ட’ என்கிறோம். அவர்கள் ‘பாடுபெட்ட’ என்கிறார்கள். பெயரில் ஆகாரம் அப்படியே நிற்க, வினையில் மட்டும் உயிர் மாறிவிட்டது. புறப்பெட்ட, அகப்பெட்ட, கஷ்டப்பெட்ட என்பவற்றை முதல் நாளே புரிந்துகொள்கிறோம். ஆகா, மலையாளம் எவ்வளவு எளிது என்று மகிழ்கிறோம். ஆபத்து அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால்தான் காத்திருக்கிறது.

‘நஷ்டப்பெட்ட’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் நஷ்டப்பட்டவர் என்றால் வியாபாரத்திலோ பிறவற்றிலோ இழப்பைத் தாங்கியவர். மலையாளத்தில் நஷ்டப்பெட்டது குடையோ, பையோ, சான்றிதழோ ஆகலாம். அதாவது காணாமற்போன பொருள். ‘எனிக்கு குட நஷ்டப்பெட்டு’ என்றால் என் குடை தொலைந்துவிட்டது என்று பொருள். நம் ஊரில் குடை நஷ்டப்படாது, குடைக்காரன்தான் நஷ்டப்படுவான்.

‘பிரியப்பெட்ட’ என்பதும் இவ்வகைதான். மலையாளி கடிதம் தொடங்கும்போது ‘பிரியப்பெட்ட அம்மே’ என்பான். அன்புக்குரிய அம்மா என்பது பொருள். தமிழில் பிரியப்பட்டவர் என்றால் ஒன்றை விரும்பியவர். அங்கே அன்பைப் பெற்றவர். இங்கே அன்பு கொண்டவர். ‘இஷ்டப்பெட்ட பாட்டு’ என்று அவர்கள் சொல்வது மனத்துக்குப் பிடித்த பாட்டு. ‘இஷ்டப்பட்ட இடத்துக்குப் போ’ என்று நம் வீட்டில் சொன்னால் அதில் பிடித்தமும் இல்லை, பாசமும் இல்லை. வானிலை அறிவிப்பில் ‘ஒற்றப்பெட்ட’ இடங்களில் மழை என்று கேட்கலாம். ஆங்காங்கே ஓரிரு இடங்களில் என்பது கருத்து. நாமோ அதை ‘ஒற்றைப்படை’ எண்ணோடு சேர்த்து எண்ணி விழிப்போம். ‘விலப்பெட்ட’ என்றால் மதிப்புமிக்க. ‘ஏர்ப்பெட்ட’ என்றால் ஈடுபட்ட. நமக்கு ஏற்பட்டது என்றால் தானே நேர்ந்தது; அவர்களுக்கு ஒரு கராரில் ஏர்ப்பெட்டது என்றால் மனமறிந்து ஒப்பந்தத்தில் இறங்கியது. வாடகை வீடு பிடிக்கும் நண்பர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேறுபாடு எதனால் வந்தது? என் துணிபைச் சொல்கிறேன். இதே திருவனந்தபுரத்தில் பேராசிரியராக விளங்கிய ஏ. ஆர். ராஜராஜ வர்மா, 1896இல் வெளிவந்த தம் கேரள பாணினீயத்தில், மலையாளம் பிரிந்து நின்றதற்குக் காட்டும் அடையாளங்களில் ஒன்று புருஷபேத நிராசம். வினைமுற்றின் இறுதியில் நான், நீ, அவன் என்று காட்டும் விகுதிகள் உதிர்ந்துபோனதை அவர் அவ்வாறு குறிக்கிறார். நாம் பட்டேன், பட்டாய், பட்டான், பட்டது என்று யார் பட்டது என்பதை வினையின் வாலிலேயே கட்டிவைத்திருக்கிறோம். மலையாளத்தில் எல்லாவற்றுக்கும் ‘பெட்டு’ ஒன்றுதான். பட்டவனைக் காட்டும் பொறுப்பு வேற்றுமை உருபின்மேல் விழுந்தது. ‘எனிக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஆள் ஒதுங்கிக்கொள்ள, எழுவாய் நாற்காலியில் பொருள் வந்து உட்கார்ந்துகொண்டது. குடையும் பாட்டும் பெட்டதாகச் சொல்லக்கூடிய நிலை இவ்வாறு வந்திருக்கலாம் என்று எண்ணுகிறேன். மொழியியல் துறை நண்பர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

இது வெறும் சொல்விளையாட்டு அன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. சென்ற ஆண்டு நான் தங்கியிருந்த இடத்துக்கு அருகே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே சித்தாள் வேலை செய்தவர்களில் நம் பக்கத்து அம்மாள் ஒருவர் உண்டு. மகளுக்குக் காய்ச்சல் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்வந்தார். திரும்பியதும் கணக்குப் பார்த்தபோது, ஏன் வாங்கினாய் என்ற கேள்விக்கு, ‘பணம் அவசியப்பட்டுது, வாங்கினேன்’ என்று சொல்லியிருக்கிறார். கணக்கெழுதியவர் தம் காதில் விழுந்தபடி ‘பணம் ஆவச்யப்பெட்டு’ என்று எழுதிக்கொண்டார். மலையாளத்தில் அதற்குத் தேவைப்பட்டது என்று பொருள் அன்று. கொடு என்று கோரினார், வற்புறுத்திக் கேட்டார் என்று பொருள். வேலை நடுவே நின்று பணம் கேட்டு வற்புறுத்தும் ஆள் என்ற பெயர் அவருக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

மொழி தெரிந்த பையன் என்று என்னை அழைத்துப் போனார்கள். நோட்டைப் படித்துக் காட்டினேன். “தம்பி, நானா அதட்டிக் கேட்டேன்? பிள்ளைக்கு முடியலன்னுதான சொன்னேன்” என்றார் அந்த அம்மாள். “இல்லை அக்கா, நீங்கள் சொன்னது ஒன்று, இவர்களுக்குக் கேட்டது ஒன்று” என்று சொல்லி, கணக்கரிடம் ‘பணம் ஆவச்யமாயிருந்நு’ என்று மாற்றி எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே திருத்தினார். வேலையும் நிலைத்தது. அந்த நோட்டில் பொய் எழுத வேண்டுமென்று யாரும் எண்ணவில்லை. கேட்டவர் உண்மையாகத்தான் எழுதினார். சொன்னவர் உண்மையாகத்தான் சொன்னார். ஒரு ‘பட்ட’ ‘பெட்ட’வானது, தேவை கோரிக்கையாகிவிட்டது.

இப்போது ஒட்டுவேலைக்கு வருவோம். செய்யப்பட்ட, எழுதப்பட்ட, வடிகட்டப்பட்ட என்று நம் பாடநூல்களும் செய்தித்தாள்களும் ‘பட்ட’வைக் கொட்டிக் குவிக்கின்றன. வடிகட்டப்பட்ட நீர் என்று எழுதுவதில் என்ன பயன்? நீர் தானாக எதையும் வடிகட்டாது. வடிகட்டிய நீர் என்றாலே யாருக்கும் மயக்கம் வராது. கரைசல் சூடேற்றப்பட்டது, வீழ்படிவு பிரித்தெடுக்கப்பட்டது, எடை காணப்பட்டது என்று வரிசையாக அடுக்கும்போது ஆய்வுக்கூடத்தில் ஆளே இல்லை போலத் தோன்றுகிறது. சூடேற்றினோம், பிரித்தெடுத்தோம், எடை கண்டோம் என்று எழுதினால் விஞ்ஞானம் குறைந்துவிடாது.

ஆனால் ‘நான் அளந்த குழாய்’ என்று எழுதினால் நிலைமை வேறு. குழாயைக் கொண்டு அமிலத்தை அளந்தேனா, அளவுகோலைக் கொண்டு குழாயை அளந்தேனா? ஆறு பொருளையும் தழுவும் பெயரெச்சத்தின் தாராளம் இங்கே இடைஞ்சலாகிறது. அப்போது ‘அளக்கப்பட்ட குழாய்’ என்பதே சரி. மயக்கம் இருக்கும் இடத்தில் ‘பட்ட’ வரட்டும். இல்லாத இடத்தில் அது வெறும் சுமை என்பது என் கட்சி.

புலவர் சிலர் ‘படு’ என்பதில் துன்பத்தின் வாடை வீசுகிறதென்று ‘பெறு’ என்பதைத் தேடிப் போனார்கள். வெளியிடப்பெற்ற நூல், அழைக்கப்பெற்ற விருந்தினர் என்று எழுதினார்கள். விருந்தினரை ‘அழைக்கப்பட்டவர்’ என்றால் அவர் ஏதோ பட்டுவிட்டதாக ஆகிவிடுமாம். மரியாதை நல்லதே. எனினும் என் அறையில் இருக்கும் மலையாள நண்பனிடம் ‘வெளியிடப்பெற்ற’ என்று படித்துக் காட்டியபோது, அந்த நூலை யார் பெற்றெடுத்தது என்று கேட்டான். நம் காதுக்கும் அந்தப் பொருள் தொலைவில் இல்லை.

செயலைச் செய்தவன் உண்டா இல்லையா என்பதைக் காட்டும் இடத்தில்தான் இந்தச் சிறு சொல் உண்மையில் தன் வல்லமையைக் காட்டுகிறது. மலையாளத்தில் ‘மரணப்பெட்ட’ என்றால் இறந்த. ‘கொல்லப்பெட்ட’ என்றால் கொல்லப்பட்ட. இரண்டிலும் ‘பெட்ட’ உண்டு. இரண்டாவதில் மட்டும் கொன்றவன் ஒளிந்திருக்கிறான். ‘ரக்ஷப்பெட்ட’ என்றால் தப்பிப் பிழைத்த. ‘ரக்ஷிக்கப்பெட்ட’ என்றால் மற்றொருவர் காப்பாற்றிய. ஸ்பானிய மொழியில் ‘முயெர்த்தோ’ என்றோர் எச்சம் உண்டு. இறந்த என்பதே அதன் நேர்பொருள். ஆனால் ‘இன்னாரால்’ என்பதைச் சேர்த்து எழுதும் வழக்கில் அதே சொல் கொல்லப்பட்ட என்றும் பொருள்படும். ‘இன்னாரால்’ என்பதை விட்டுவிட்டால் கொன்றவனும் மறைந்துபோகிறான். இலக்கணத்தில் இப்படியும் ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது.

தமிழில் அந்த வழியை அடைத்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். ‘தாழ்ந்த’ என்றால் தானே தாழ்ந்தது. நீர் தாழ்ந்தது, தராசுத் தட்டு தாழ்ந்தது என்பதுபோல் அது தன்வினை. ‘தாழ்த்து’ என்றால் பிறவினை; தாழ்த்துவதற்கு ஒரு கை வேண்டும். ‘தாழ்ந்த சாதி’ என்ற சொல்லை வீசியெறிந்துவிட்டுத் ‘தாழ்த்தப்பட்ட மக்கள்’ என்று எழுதத் தொடங்கியவர்கள் ஓர் ஒற்றையும் ஒரு துணைவினையையும் மட்டும் மாற்றவில்லை. குற்றம் யாருடையது என்பதையே மாற்றி எழுதினார்கள். 1930இல் இலண்டனில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் எந்த மக்களின் சார்பாளராகச் சென்றார்களோ, அம்மக்களை அப்போதைய அரசு ‘டிப்ரஸ்டு கிளாஸஸ்’ என்று குறித்தது. அந்த ஆங்கிலச் சொல்லும் இறந்தகால எச்சமே. அழுத்தி அமிழ்த்தப்பட்ட என்பது அதன் நேர்பொருள். தலித் என்பதும் அப்படித்தான். பிளத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்த எச்சம் அது. பிளக்கப்பட்ட, நொறுக்கப்பட்ட என்பது பொருள். கேரளத்தில் முன்பு வழங்கிய ‘அதஃகிருத’ என்ற சொல்லும் கீழாக ஆக்கப்பட்ட என்றே விரியும். நான்கு மொழிகளில் நான்கு எச்சங்கள். ஒவ்வொன்றிலும் செய்த கை ஒன்று தெரிகிறது. இதே ஊரில், வெள்ளயம்பலத்தில் சிலையாக நிற்கும் அய்யங்காளி 1907இல் தோற்றுவித்த சங்கத்தின் பெயரில் ‘சாது ஜனம்’ என்ற சொல் உண்டு. எளிய மக்கள் என்பது அதன் பொருள். அதில் எச்சமும் இல்லை, செய்தவனும் இல்லை. பெயர் மென்மையானது, அவர் செய்த வேலை மென்மையானதன்று.

இதைப் போன்றதே பிற்பட்ட, பிற்படுத்தப்பட்ட என்னும் இணை. ‘பிற்பட்ட’ என்றால் பின்தங்கிவிட்ட. ஓட்டப்பந்தயத்தில் மெதுவாக ஓடியவனும் பிற்பட்டவனே. ‘பிற்படுத்தப்பட்ட’ என்றால் பின்னுக்குத் தள்ளப்பட்ட. ‘படு’ என்னும் வேர் இச்சொல்லில் இருமுறை வருவதைக் கவனியுங்கள். முதலில் ‘படுத்து’ என்று தள்ளுபவன் தரப்பில், பிறகு ‘பட்ட’ என்று தள்ளுண்டவன் தரப்பில். முன்பு ‘பிற்பட்ட வகுப்பு’ என்று எழுதிவந்த வழக்கு மாறி இந்த வடிவம் நிலைபெற்றது. 1969இல் சட்டநாதன் தலைமையில் அமைந்த ஆணையத்தையும், 1989இல் தமிழ்நாட்டில் உண்டான மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவையும் இச்சொல்லாலேயே குறிக்கிறோம். உச்சரிக்க நீளமான சொல் என்று சிலர் குறைகூறுவார்கள். நீளத்துக்கு வேலை இருக்கிறது.

நம்மில் பலர் தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழை இங்கே சேர்க்கையின்போது நீட்டியிருப்போம். அதில் ‘பிற்படுத்தப்பட்ட’ என்று இருக்கும். அதனருகே ஆங்கிலத்தில் உள்ள சொல்லுக்குப் பின்தங்கிய என்பதற்கு மேல் பொருள் இல்லை. இங்குள்ள படிவத்தில் அதற்கு நேராக இருப்பது ‘பின்னாக்க விபாகம்’. பின்னால் இருக்கும் பிரிவு. மலையாளத்தால் சொல்ல முடியாததன்று. ‘அடிச்சமர்த்தப்பெட்ட’ என்று அடக்கி ஒடுக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல் அவர்களிடமும் உண்டு. ஆனால் படிவத்தில் அது ஏறவில்லை. எனவே ஒரு மாணவனின் சான்றிதழ் மேசையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும்போது ‘படுத்தப்பட்ட’ உதிர்ந்துவிடுகிறது. ‘பின்’ மட்டும் போய்ச் சேருகிறது.